ஆர்க்கிடெக்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறிய அப்டேட் பைலை அனுப்பியது. 78 நிமிடங்கள் கழித்து அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நீலத் திரையைக் காட்டிவிட்டு அவை முடங்கின. விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் எனப் பல இடங்களில் வேலை நின்றது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அன்று நன்றாகவே இயங்கியிருக்கும். அந்த சாப்ட்வேர் நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதே காரணம். ஆனால் அன்று நடந்தது என்ன என்பதைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்வது நல்லது.

அப்டேட் பைல் 21ஆவது தகவல் ஒன்றைப் பார்க்கச் சொன்னது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராமிடம் 20 தகவல்களே இருந்தன. இல்லாத ஒன்றைத் தேடி அது மெமரியில் தனக்கு உரிமை இல்லாத இடத்தைப் படிக்கப் போனது. சாதாரண புரோகிராம் இப்படிச் செய்தால் அந்தப் புரோகிராம் மட்டும் மூடப்படும். இதுவோ விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் அமர்ந்திருந்தது. எனவே கம்ப்யூட்டரே விழுந்தது. முன்னர் நடத்திய சோதனைகளில் 21ஆவது இடத்தில் "எதுவாக இருந்தாலும் சரி" என்று பொருள் தரும் குறி இருந்ததால் கோளாறு வெளியே தெரியவில்லை.

"யாரோ ஒரு புரோகிராமர் தவறு செய்துவிட்டார்" என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. புரோகிராமர்கள் தவறு செய்வார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தவறு கெர்னல் வரை போக ஏன் வழி இருந்தது? முதலில் ஆயிரம் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏன் அனுப்பினார்கள்? எண்ணிக்கை பொருந்துகிறதா என்று ஏன் யாரும் சரி பார்க்கவில்லை? இந்தக் கேள்விகள் ஆர்க்கிடெக்ட் என்பவரின் மேஜைக்கு உரியவை. அதைவிட முக்கியமாக, அந்த மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் உரியவை. இதுவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து.

சாப்ட்வேரில் ஆர்க்கிடெக்ட் என்பவர் யார்?

வீடு கட்டும்போது எந்தச் சுவர் பாரம் தாங்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே வரும், பிறகு மாடி எழுப்ப முடியுமா என்றெல்லாம் முடிவு செய்பவர் ஆர்க்கிடெக்ட். சுவரின் பெயிண்ட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக் கொள்ளலாம். அஸ்திவாரத்தை அப்படி மாற்ற முடியாது. சாப்ட்வேரிலும் இதே கதைதான். பட்டன் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட். தகவலை எங்கே, எந்த வடிவில் சேமிப்பது, கரண்ட் போனால் பாதி எழுதிய பைல் என்ன ஆகும், ஒரு பகுதி கெட்டால் மற்றவை இயங்குமா என்பவை அஸ்திவாரம். பின்னால் மாற்றினால் பெரும் செலவு வைக்கும் முடிவுகளை எடுப்பவரே சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்.

நமக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 1990களில் தமிழ் எழுத்துரு தயாரித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கும் தங்கள் விருப்பப்படி ஓர் எண்ணைத் தந்தார்கள். ஒருவர் டைப் செய்த கடிதத்தை அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத குறிகளே வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாக டேம், டேப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 கீ போர்டும் வந்தன. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவுடன் யூனிகோட் தமிழ் கிடைத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக் கொண்டது. இன்று நீங்கள் அனுப்பும் தமிழ் மெசேஜை யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது. ஆனால் அன்றைய பைல்களைப் படிக்க இன்றும் கன்வெர்ட்டர் புரோகிராம் தேவைப்படுகிறது. எழுத்துக்கு எந்த எண் என்பது அன்று சின்ன முடிவாகத் தெரிந்தது. அதைச் சரி செய்யப் பல ஆண்டுகள் ஆயின. ஆர்க்கிடெக்ட் எடுக்கும் முடிவின் விலை இதுதான்.

டீக்கடையில் நடக்கும் மீட்டிங்

நான் சென்னையில் ஆறு ஆண்டுகளாக சாப்ட்வேர் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். நான் பார்த்த பல டிசைன் மீட்டிங்குகள் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆர்க்கிடெக்ட் வருவார். வெள்ளைப் பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைவார். முக்கால் மணி நேரம் பேசுவார். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார். பதினைந்து பேரும் தலையாட்டுவோம். மீட்டிங் முடியும். கீழே டீக்கடைக்குப் போனதும்தான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். "இது எப்படிப்பா ஓடும்?" என்று ஒருவர் தொடங்குவார். அசல் டிசைன் மீட்டிங் அங்கேதான் நடக்கும். அந்த மீட்டிங்குக்குக் குறிப்பு எழுதுவார் யாரும் இல்லை.

காரணம் தெரியாதது அல்ல. அவருக்குப் பதினைந்து வருட அனுபவம், நமக்கு இரண்டு வருடம். வாடிக்கையாளர் ஏற்கனவே ஒப்புதல் தந்துவிட்டார். அப்ரைசல் நேரம் வேறு. இதற்கு மேல், பள்ளியிலிருந்தே பெரியவர் சொல்வதை எதிர்த்துக் கேட்பது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நான் அருகில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிறு ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு கடை நிறுவனத்துக்கு பில் போடும் சாப்ட்வேர் தயாரித்துக் கொண்டிருந்தோம். ஒவ்வொரு பில்லும் உடனே தலைமை சர்வருக்குப் போய்ப் பதிவாக வேண்டும், பிறகே பிரிண்ட் ஆக வேண்டும் என்பது டிசைன். கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், "சார், லைன் போனா பில் எப்படிப் போடறது?" என்று கேட்டார். அவருடைய ஊரில் மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடும். அந்த அனுபவத்தில் கேட்டார். மேனேஜர் சிரித்துக் கொண்டே, "அதெல்லாம் ஆர்க்கிடெக்ட் யோசிச்சிருப்பார்மா. நீ உன் மாட்யூலைப் பாரு" என்றார்.

ஆர்க்கிடெக்ட் யோசித்திருக்கவில்லை. சோதனை ஓட்டத்தின் முதல் வாரமே ஒரு கடையில் லைன் போனது. கூடையுடன் வரிசையில் நின்றவர்களுக்குப் பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பில்லை முதலில் கடைக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து, லைன் வந்ததும் சர்வருக்கு அனுப்பும்படி மாற்றி எழுத மூன்று மாதம் பிடித்தது. பிறகு ஆர்க்கிடெக்ட் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "நகரத்துக் கடைகள்னுதான் என்கிட்ட சொன்னாங்க. அந்தக் கேள்வி என் காதுக்கே வரல." அவர் திறமை இல்லாதவர் அல்ல. தேவையான அறிவு அதே அறையில் இருந்தது. ஆனால் அது அவரிடம் போய்ச் சேர வழி இல்லை.

முணுமுணுத்தால் போதாது

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தானா என்றால் இல்லை. நாசாவிலும் நடந்திருக்கிறது. 1998 டிசம்பரில் செவ்வாய்க்குப் புறப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்து போனது. விண்கலத்தின் சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட சாப்ட்வேர் பவுண்டு அளவில் எண்களைத் தந்தது. அவற்றை வாங்கிய சாப்ட்வேர் நியூட்டன் அளவு என்று எடுத்துக் கொண்டது. இரண்டுக்கும் சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். ஏறத்தாழ 226 கிலோ மீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடந்திருக்க வேண்டிய கலம் 57 கிலோ மீட்டர் வரை இறங்கியது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. கணக்கு சரியாக வரவில்லை என்பதைப் பயணத்தின்போதே சிலர் கவனித்திருந்தார்கள். பேசவும் செய்தார்கள். ஆனால் முறையாகப் பதிவு செய்து, பதில் கிடைக்கும்வரை விடாமல் தொடரும் வழியில் அது போகவில்லை. டீக்கடைப் பேச்சு டீக்கடையிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

எழுதி வைக்காத அனுமானம்

சரி, எல்லாரும் கேள்வி கேட்டால் போதுமா? எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. 40 விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

திசை காட்டும் கம்ப்யூட்டரின் சாப்ட்வேர், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்தது. அதில் ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்கு மாற்றும் வரி ஒன்று இருந்தது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. பக்கவாட்டு வேகம் தொடர்பான அந்த எண் ஏரியான் 4இல் இதைத் தாண்டாது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. எண் தாண்டியது, கம்ப்யூட்டர் நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே சாப்ட்வேர்தான். அதே காரணத்தால் அதுவும் நின்றது. இவ்வளவுக்கும் அந்தக் கணக்கு ஏரியான் 5 தரையைவிட்டுக் கிளம்பிய பின் தேவையே இல்லாதது.

பழைய டிசைனைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்லர். எந்த எண்களுக்குக் காவல் வைப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று யோசித்தே முடிவு செய்தார்கள். அந்த முடிவு ஏரியான் 4க்குச் சரி. "இந்த வேகத்துக்கு மேல் போகாது" என்ற அனுமானம் புதிய ராக்கெட்டில் வேலை பார்த்தவர்களின் கண்ணில் படும்படி இல்லை. விசாரணைக் குழு, தவறு வெளிப்படும்வரை சாப்ட்வேர் சரியாகவே இருக்கிறது என்று கருதும் மனப்போக்கைச் சுட்டிக் காட்டியது. அதற்கு நேர்மாறாக, சரி என்று காட்டப்படும்வரை அதனைச் சந்தேகிக்க வேண்டும் என்றது.

ஆக, ஆர்க்கிடெக்ட் தன் முடிவோடு மூன்று விஷயங்களையும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். இந்த முடிவை ஏன் எடுத்தோம்? வேறு எந்த வழிகளைப் பார்த்து விட்டுவிட்டோம்? எது மாறினால் இந்த முடிவு செல்லாது? ஒரு பக்கம் போதும். மூன்றாவது கேள்விக்கு "கடைகளில் இன்டர்நெட் எப்போதும் இருக்கும் என்று வைத்துக் கொண்டோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தப் பெண் கேட்கும் முன்பே பத்துப் பேர் சிரித்திருப்பார்கள்.

பிறகு ஆர்க்கிடெக்ட் எதற்கு?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாரும் எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக் கொண்டே இருந்தால் சாப்ட்வேர் வெளிவராது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் தயாரிப்பை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட தி மித்திகல் மேன்-மந்த் நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு சாப்ட்வேர் முழுவதும் ஒரே சிந்தனையில் உருவானது போல் இருக்க வேண்டும், அதற்கு டிசைன் ஒருவர் அல்லது மிகச் சிலரின் மனத்திலிருந்து வர வேண்டும் என்பது அவர் வாதம். இதனை நான் ஏற்றுக் கொள்கிறேன். பத்துப் பேர் பத்து விதமாக முடிவெடுத்த சாப்ட்வேரில், ஒரு மெனுவில் "சேமி" என்றும் அடுத்ததில் "பதிவு செய்" என்றும் இருக்கும். பயன்படுத்தும் நீங்கள்தான் திண்டாடுவீர்கள்.

அதே புரூக்ஸ் அந்த நூலின் 1995 பதிப்பில் ஒரு காரியம் செய்தார். சாப்ட்வேரின் ஒவ்வொரு பகுதியும் தன் உள் விவரங்களை மற்ற பகுதிகளிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் சொன்னதைத் தாம் முன்பு மறுத்ததாகவும், பார்னஸ் சொன்னதே சரி என்றும் எழுதினார். துறையே மதித்த ஒருவர், இருபது ஆண்டுகள் கழித்துத் தம் நூலிலேயே இப்படி எழுதியிருக்கிறார். ஆர்க்கிடெக்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன். முடிவெடுக்கும் உரிமை அவருக்கு வேண்டும். ஆனால் அந்த முடிவைத் தட்டிப் பார்க்கும் உரிமை கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் வேண்டும்.

கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பது கேள்வி ஆகாது. "லைன் போனால் பில் நிற்கும், எங்கள் ஊரில் மழைக்காலத்தில் இது வழக்கம், பில்லை முதலில் கடையிலேயே சேமிக்கலாமா?" என்பது கேள்வி. அதில் ஆபத்தும் ஆதாரமும் மாற்று வழியும் இருக்கின்றன. கேட்டதை அப்படியே நம்பாமல், ஆதாரத்தை எடை போட்டு, வேறு வழி உண்டா என்று யோசிப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் திங்கிங் என்று பெரிய பெயர். குறை சொல்வது என்று அதற்குப் பொருள் இல்லை.

இன்று இதற்குத் தேவை கூடியிருக்கிறது. கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் ஏ.ஐ. சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். அவை எழுதுவது பார்க்க மிக ஒழுங்காக இருக்கும். தவறாக இருந்தாலும் அதே ஒழுங்குடன் இருக்கும். உங்கள் கடை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே மழை எப்போது வரும் என்பது சொல்லாமல் அதற்குத் தெரியாது. புரோகிராம் எழுதும் வேலை எளிதாக ஆக, "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் வேலையே மனிதனுக்கு மிச்சமாகும்.

உங்கள் வீட்டில் ஆர்க்கிடெக்ட் நீங்கள்தான்

"நான் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, எனக்கும் இதற்கும் என்ன?" என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள்தானே? மேலே பார்த்த பாடங்களை உங்கள் மேஜையிலும் பயன்படுத்தலாம்.

முதலாவது, பேக்கப். சி டிரைவில் உள்ள போட்டோக்களை டி டிரைவில் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும். ஏரியானின் இரண்டாவது கம்ப்யூட்டர் போலத்தான். தனியாக ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

இரண்டாவது, அளவு. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000, 1000 ஆகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது. ஓர் எண்ணைப் பார்த்தால் அது எந்த அளவில் என்று கேளுங்கள். செவ்வாய்க்குப் போன கலம் அந்தக் கேள்வி இல்லாமல்தான் தொலைந்தது.

மூன்றாவது, சொல்பவர் யார் என்பதில் மயங்காதீர்கள். "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாரையும் அழைப்பதில்லை. இலவச சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது கண்ணை மூடிக் கொண்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்யாதீர்கள். அதுவும் தலையாட்டுவதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் "ஏன் இப்படி?" என்று நச்சரிக்கும்போது வாயை அடைக்காதீர்கள். ஜாவாவும் பைத்தானும் ஆறு மாதத்தில் கற்றுக் கொள்ளலாம். பதினைந்து பேர் தலையாட்டும் அறையில் மரியாதையோடு கை தூக்கிக் கேட்கும் துணிச்சல் ஆறு மாதத்தில் வராது. அதற்கான பயிற்சி வீட்டில்தான் தொடங்க வேண்டும்.